ஒன்பதாவது குரோட்டன்

லிங்கி,
24 செப்டம்பர் 2024

அன்புள்ள வள்ளிநாயகி அம்மாவுக்கு,

சிஸ்டர் புனிதா எழுதுகிறேன். சனிக்கிழமை ஏழாங்கட்டைத் தோட்டத்துக் கோயில் வாசலில் நீங்கள் திட்டியதையெல்லாம் நின்று கேட்டேன். பதில் பேசாமல் நின்றது திமிரால் அல்ல. எதற்காகத் திட்டுகிறீர்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. புரட்டாசி சனிக்கு வந்திருந்த மற்றவர்களுக்கும் விளங்கவில்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை போன் செய்துவிட்டேன். மூன்று முறையும் உங்கள் மகள் விமலாதான் எடுத்தார். "சிஸ்டர், உங்க பேர சொன்னாலே அம்மா ரூமுக்குள்ள போயிடுறாங்க. எழுதிப் போடுங்க லா. எழுத்துன்னா அம்மா படிக்காம விடமாட்டாங்க" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது செரம்பானில், ஆங்கிலப் பள்ளியில்.

என் பக்கத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் மாதத்தை எங்கள் திருச்சபையில் படைப்பின் காலம் என்று கொண்டாடுவோம். இந்த வருடம் ஜெபத்தோடு நிறுத்திவிட வேண்டாம் என்று சொன்னது நான்தான். தோட்டத்தின் கடைசியில், பாயா என்கிற சதுப்புச் சேற்றுக்கு மேலே ஒரு மேடு இருக்கிறதே, அது ஒவ்வொரு மழைக்கும் கரைந்து ஆற்றுக்குள் போகிறது. அங்கே மரம் வைத்தால் மண் நிற்கும் என்று நினைத்தேன். மலேசியா தினத்தன்று போர்ட் டிக்சன் தேவாலயத்திலிருந்து இருபது பேரைக் கூட்டிவந்து ரம்புத்தான், சீக்கு என்று பழமரக் கன்றுகள் நட்டோம். குழி வெட்ட இடம் வேண்டி, அங்கே ஆளுயரம் வளர்ந்து நின்ற குரோட்டன் செடிகளைப் பிடுங்கினோம்.

கேட்காமல் செய்யவில்லை அம்மா. கோயில் தலைவர் இராஜமாணிக்கம் ஐயாவிடம் கேட்டேன். அது பழைய வேலிச் செடி, தாராளமாகப் பிடுங்கலாம் என்றார். அவரோடு இருந்த நான்கு பேரும் தலையாட்டினார்கள்.

நீங்கள் அழுதுகொண்டே திட்டினீர்கள். வேலிச் செடிக்கு யாரும் அழமாட்டார்கள். அது என்ன செடி என்று எனக்குச் சொல்வீர்களா?

அன்புடன்,
புனிதா


செனாவாங்,
1 அக்டோபர் 2024

சிஸ்டருக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் தமிழுக்கு ஒன்றும் குறைவில்லை. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். குறை சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது.

நீங்கள் கேட்டது ஐந்து ஆண்களிடம். அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னும் பதினோரு பெண்கள் இருக்கிறார்கள். வாராவாரம் அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறீர்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், ஊர்க் கதையெல்லாம் கேட்கிறீர்கள். மண்வெட்டியைத் தூக்கும்போது மட்டும் ஆண்களிடம் போய் அனுமதி கேட்டீர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணிமாரும் இப்படித்தான். பிள்ளை பெற்றவள் எதிரே நிற்பாள். பெயரை அவள் புருஷனிடம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். உங்கள் தாத்தாவும் கிராணி என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள்.

இராஜமாணிக்கத்துக்கு அது வேலிச் செடிதான். அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம்.

அங்கே பிள்ளைகள் இருக்கின்றன. ஒரு செடிக்கு ஒரு பிள்ளை. பிறந்து அழாத பிள்ளைகள்.

இப்போது தெரிந்ததல்லவா, விடுங்கள். நீங்கள் நட்ட ரம்புத்தானைப் பிடுங்கிக்கொண்டு வந்து பரிகாரம் செய்கிறேன் என்று நிற்காதீர்கள். மறுபடியும் அந்த மண்ணில் வெட்டு விழக்கூடாது. இங்கே வீட்டுக்கும் வராதீர்கள். விமலாவுக்கு இதெல்லாம் தெரியாது.

வள்ளிநாயகி


லிங்கி,
6 அக்டோபர் 2024

அன்புள்ள வள்ளியம்மா,

இருபத்திரண்டு வருடமாகப் பெண்களோடு வாழ்கிறேன். பெண்களுக்காக வேலை செய்கிறேன் என்று மேடையில் பேசுகிறேன். ஆனாலும் ஆண்களிடம் போய்க் கேட்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தை எங்கள் வீட்டில் மற்ற இரண்டு சிஸ்டர்களுக்கும் படித்துக் காட்டினேன். யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. அது சரிதான். மன்னித்துவிடுங்கள் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது; ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் விடச் சொன்னீர்கள். விடமுடியாத ஒன்று வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோட்டத்து முகப்பில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். தோட்டத்தை வாங்கியவர்கள் செம்பனையைச் சாய்த்துத் தொழிற்சாலைகளுக்காக மண்ணைச் சமப்படுத்தப் போகிறார்கள். கோயிலை விட்டுவிடுகிறார்களாம். மேடு அவர்களுடைய வரைபடத்தில் வெறும் நிலம். அந்த மண்ணை வெட்டிப் பாயாவை நிரப்புவதாகத் திட்டம். நவம்பர் 14ஆம் தேதி நில அலுவலக அதிகாரி வந்து பார்ப்பார். ஆட்சேபம் இருப்பவர்கள் அன்றைக்குச் சொல்லலாம்.

தர்மேந்திரன் என்று எங்களுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். புதைகுழி இருக்கிறது என்று காட்டினால் மேட்டை ஒதுக்கி வைக்கச் சொல்ல வழியிருக்கிறதாம். கல் இருக்கிறதா, பதிவு இருக்கிறதா, அடையாளம் இருக்கிறதா என்று கேட்டார். அடையாளம் இருந்தது, நான் பிடுங்கிவிட்டேன் என்றேன். அப்படியானால் புதைத்தவர்கள் வந்து இடத்தைக் காட்டிச் சத்தியம் செய்ய வேண்டும், வேறு வழியில்லை என்றார்.

நேற்று மேட்டுக்குப் போனேன். எதையும் தொடவில்லை, நடந்து மட்டும் பார்த்தேன். செடி இருந்த குழிகள் இன்னும் தெரிகின்றன. ஒன்பது குழிகள். வேலி என்றால் ஒரே ரகமாக, நெருக்கமாக இருக்கும். இவை ஒன்பதும் ஒன்பது ரகம். ஒன்றில் முறுக்கிய இலை, ஒன்றில் மஞ்சள் புள்ளி, ஒன்று ரத்தச் சிவப்பு. பிடுங்கும்போதே இது கண்ணில் பட்டது, நான்தான் யோசிக்கவில்லை. குழிக்குக் குழி எட்டு வைத்து நடந்து எண்ணினேன். பன்னிரண்டு எட்டு. செம்பனை மரத்துக்கு மரம் எண்ணினேன். அதுவும் பன்னிரண்டு எட்டு. ஒவ்வொரு குழியும் ஒரு மர வரிசையின் முடிவில் இருக்கிறது.

எட்டுக் குழிகளுக்குத்தான் இந்தக் கணக்கு. ஒன்பதாவது மட்டும் தள்ளி, வாய்க்கால் ஓரத்தில், எந்த வரிசையிலும் சேராமல் இருக்கிறது. அது ஏன் அம்மா?

புனிதா

பி.கு.: பிடுங்கியவற்றில் ஏழு செடிகள் தொட்டியில் பிழைத்திருக்கின்றன. கொண்டுவந்து தரலாமா?


செனாவாங்,
15 அக்டோபர் 2024

சிஸ்டருக்கு,

செடியைக் கொண்டுவர வேண்டாம். எது யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. ஒருத்தி செடியை இன்னொருத்தி பிள்ளைமேல் வைத்துவிட்டால் அது இதைவிட மோசம். உங்களிடமே இருக்கட்டும், தண்ணீர் ஊற்றுங்கள்.

நோட்டீஸைப் பற்றி விமலாவும் சொன்னாள். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

செடி எப்படி வந்தது என்று கேட்டீர்கள், சொல்கிறேன். எங்களில் பல் முளைக்காத பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, கல் கிடையாது. ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்து குளித்துவிடுவார்கள். அதோடு முடிந்தது. அந்தப் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது, பெயரே வைத்திருக்கமாட்டோம். அம்மா போகக்கூடாது, இடத்தைக் கேட்கக்கூடாது. ஆனால் எண்பத்தொன்றிலிருந்து எண்பத்தேழு வரைக்கும், எங்கள் மருந்தடிக்கிற கேங்கில் இப்படி ஆனபோது, நாங்கள் அதைக் கேட்கவில்லை. ஆண்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு நாங்களே எடுத்துக்கொண்டு போனோம்.

பெரிய துரை பங்களா வேலியில் விதவிதமாகக் குரோட்டன் இருந்தது. ஆளுக்கு ஒரு குச்சி ஒடித்து ஊன்றினோம். அவரவர் பிள்ளை அவரவர் நிரையின் முடிவில். நிரை என்றால் நீங்கள் சொல்கிற மர வரிசை. அப்போது செம்பனை இடுப்பளவுதான். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு, ஒரு பெண்ணுக்கு ஒரு நிரை, மரத்தைச் சுற்றி வட்டமாக மருந்தடித்துக்கொண்டே போவோம். நிரை முடிந்ததும் பம்பை இறக்கி வைப்போம். இறக்கி வைக்கிற இடத்தில் பிள்ளை இருந்தால் தினமும் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கேட்டால் மூச்சு வாங்குகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் கணக்கு சரிதான். நாற்பது வருடமாக யார் கண்ணிலும் படாததைக் காலால் அளந்து கண்டுபிடித்திருக்கிறீர்கள். கெட்டிக்காரிதான்.

ஆனால் சத்தியம் செய்ய என்னைக் கூப்பிடாதீர்கள். மற்றவர்களையும் கூப்பிடாதீர்கள். எல்லாருக்கும் பேரன் பேத்தி வந்துவிட்டது. மூடி வைத்ததை மூடியபடியே விடுங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. எப்போதும் நீங்களே கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? உங்கள் ஆட்கள் இப்படிப்பட்ட பிள்ளையை எங்கே வைப்பார்கள்?

வள்ளிநாயகி


லிங்கி,
20 அக்டோபர் 2024

அன்புள்ள வள்ளியம்மா,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எனக்கே சரியாகத் தெரியாததால் விசாரித்தேன். இப்போதெல்லாம் எல்லாரோடும் சேர்த்துத்தான் அடக்கம் செய்கிறோம். முன்பு அப்படி இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளையை மந்திரித்த மண்ணில் வைக்க விடமாட்டார்கள். கல்லறையின் வேலிக்கு வெளியே புதைக்க வேண்டும். எங்கள் வயதான சிஸ்டர் ஒருவர் தன் தம்பியை அப்படி வைத்ததாகச் சொன்னார். அவருடைய அப்பா சாகும்வரை பூசைக்குப் போகவில்லையாம். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை. நீங்கள் கேட்டதால் கேட்டேன்.

நான் கெட்டிக்காரி இல்லை அம்மா. கேள்வி கேட்பது எனக்கு ஒரு வியாதி. கன்னியர் மடத்தில் சேர்ந்த முதல் வருடமே மதர் என்னிடம், "உனக்குக் கீழ்ப்படிதல் வரும், வாயை மூடத்தான் வராது" என்று சொல்லிவிட்டார். அந்த வியாதியோடுதான் இதையும் கேட்கிறேன்.

பதினான்கு பேர் இருந்த கேங்கில் ஆறு வருடத்தில் ஒன்பது பிள்ளைகள். அதே லயத்தில், அதே தண்ணீரைக் குடித்து, புல் வெட்டுகிற கேங்கும் இருந்தது. அவர்களில் எத்தனை என்று லயத்தில் இருக்கிற திலகா அக்காவிடம் விசாரித்தேன். உங்கள் கடிதத்தைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஒன்று, இல்லையென்றால் இரண்டு என்றார். மருந்துதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. டாக்டர் சொல்லாததை நான் சொல்லக்கூடாது. ஆனால் கர்ப்பமான பெண்களை மருந்தடிப்பிலிருந்து மாற்றிவிட வேண்டும் என்று அப்போதே தோட்டத்தில் விதி இருந்தது என்று தர்மேந்திரன் சொல்கிறார். விதி இருந்தும் ஒன்பது பேரை மாற்றவில்லை. யார் மாற்றாமல் விட்டது? உங்கள் கேங்குக்கு அப்போது மண்டோராக இருந்தவர் யார்? அவர் உயிரோடு இருந்தால் அவரைப் பார்த்துப் பேச வேண்டும்.

ஒன்பதாவது செடியைப் பற்றி நீங்கள் பதில் சொல்லவில்லை.

புனிதா


செனாவாங்,
25 அக்டோபர் 2024

சிஸ்டருக்கு,

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

வள்ளிநாயகி


லிங்கி,
3 நவம்பர் 2024

அன்புள்ள வள்ளியம்மா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்தக் கடிதத்தில் கேள்வி ஒன்றும் இல்லை. அதனால் மன்னிப்பீர்கள் என்று எழுதுகிறேன். தீபாவளி வாழ்த்துகள், பிந்திவிட்டது.

திலகா அக்கா வியாழக்கிழமை முறுக்கு கொண்டுவந்தார். பேச்சோடு பேச்சாக, அந்தக் காலத்தில் பெண் மண்டோர் இருந்த ஒரே கேங்க் எங்களுடையதுதான் சிஸ்டர் என்று பெருமையாகச் சொன்னார். பெயரையும் சொன்னார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

நேற்று எங்களுக்குக் கல்லறைத் திருநாள். செரம்பானில் எல்லாரும் கல்லறையைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வேலிக்கு வெளியே போய்ப் பார்த்தேன். இப்போது அங்கே ஒரு சாக்கடையும் மோட்டார் நிறுத்துகிற இடமும் இருக்கின்றன. எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பிள்ளைகளை வைத்த இடத்தைக் காட்டித்தர அங்கே யாரும் மிச்சமில்லை.

உங்களைக் குற்றம் சொல்ல நான் யாரும் இல்லை. 14ஆம் தேதி யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே போய் நிற்பேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். பெயர் எதையும் சொல்லமாட்டேன்.

புனிதா


செனாவாங்,
6 நவம்பர் 2024

சிஸ்டருக்கு,

நான்தான் மண்டோர்.

எழுதிவிட்டேன். பேனாவை வைத்துவிட்டு வாசல்வரைக்கும் நடந்துவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன்.

விதி இருந்தது உண்மை. உண்டாகியிருக்கிறேன் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் சொன்னால் புல்வெட்டுக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் புல்வெட்டு மூன்று மணிவரைக்கும் வெயிலில். மருந்தடிப்பு வெயில் ஏறுவதற்குமுன் பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம், ஆயாக் கொட்டகையிலிருந்து பெரிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாம். அதனால் எவளும் சொல்லமாட்டாள். இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவாள். என்னிடம் மட்டும் சொல்வாள். "மண்டோரம்மா, இன்னும் ரெண்டு மாசம் விடுங்க" என்பாள். நான் விட்டேன்.

அவர்கள் கெஞ்சினார்கள் என்பதால் மட்டும் விட்டேன் என்றால் அது பொய். தோட்டத்தில் முதல் பெண் மண்டோர் நான். ஓர் ஆள் குறைந்து நிரை முடியாமல் போனால், பொம்பளைக்குக் கேங்கை நடத்தத் தெரியவில்லை என்று ஒரு ஆணிடம் கொடுத்துவிடுவார்கள். அதற்காக ஒவ்வொரு நாளும் காத்துக்கொண்டிருந்தார்கள். என் கேங்க் குறையக்கூடாது என்று நானும் விட்டேன். முதல் பிள்ளை போனபோது தலைவிதி என்றோம். இரண்டாவது போனபோது எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்றாவதுக்குப் பிறகும் விட்டேன். இதுதான் நான் செய்தது.

மருந்தை டிரம்மில் ஊற்றிக் கலக்குவது மண்டோருடைய வேலை. தண்ணீர் சேராத முழு மருந்து. கையுறை என்று ஒன்று இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. எண்பத்து மூன்றில், எனக்கு ஏழாவது மாதம் நடந்தபோது, எனக்கும் அப்படி ஆயிற்று. நான் கலக்குவதை நிறுத்தவில்லை. மண்டோருக்கு நிரை கிடையாது, சிஸ்டர். எல்லாருக்கும் பின்னால் நடப்பவள். என் பிள்ளையை எந்த நிரையில் வைப்பேன்? நான் மருந்து கலக்குகிற வாய்க்கால் ஓரத்தில் வைத்தேன். உங்கள் ஒன்பதாவது செடி அதுதான். போதுமா?

மாதாமாதம் கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லி அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். ஒன்பதுக்கும் களை எடுப்பேன். செரம்பானில் மெழுகுவத்தியோடு நீங்கள் நின்றதைப் படித்த பிறகு எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. இன்னும் பத்து வருடம் போனால் எங்கள் மேட்டிலும் அப்படித்தான் யாராவது நிற்பார்கள்.

அதனால் நேற்றே விமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்தவள் யூனிபார்ம்கூட மாற்றாமல் கேட்டாள். "எனக்கு ஒரு அண்ணன் இருந்திருக்கான், நீங்க இப்ப சொல்றீங்க" என்றாள். பிறகு மோட்டாரை எடுத்தாள். அவள் பின்னால் உட்கார்ந்து வீடுவீடாகப் போனேன். எட்டுப் பேரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய மகள்களைப் பார்த்துச் சொன்னேன். ஐந்து பேர் இருக்கிறார்கள், என்னையும் சேர்த்தால் ஆறு. திலகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் வருகிறோம் என்றார்கள். இன்னொருத்திக்கு இப்போது யாரையும் அடையாளம் தெரியவில்லை. அவள் மருமகள் கூட்டிவருகிறாள்.

நீலாவதி பெடாஸில் மகனோடு இருக்கிறாள். நாலாம் நிரை. கேங்கிலேயே எனக்கு நெருக்கமானவள். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகும் விட்டேன் என்றேனே, அப்படி விட்டது அவளைத்தான். இரண்டாவதிலிருந்தே எனக்குச் சந்தேகம் இருந்தது என்பதை அவளிடம் சொன்னேன். நாற்பது வருடம் அவளுக்கு அது தெரியாது. கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் வாசலில் நின்றோம், திறக்கவில்லை.

அவள் வராவிட்டாலும் மற்றவர்கள் வருவோம். ஒரு நிபந்தனை. அன்றைக்கு நீங்கள் வரக்கூடாது. உங்கள் சிஸ்டர்களும் வரக்கூடாது. வெள்ளை உடுப்பைப் பார்த்தால் அதிகாரி உங்களிடம்தான் பேசுவார், எங்களிடம் பேசமாட்டார். இது எங்கள் பெரட்டு, விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு நிறுத்துவோமே, அது. பேர் கூப்பிட வேண்டியது நான்.

வள்ளிநாயகி


லிங்கி,
9 நவம்பர் 2024

அன்புள்ள வள்ளியம்மா,

வரமாட்டேன். எங்கள் மதர் கேட்டால் சிரிப்பார். இருபத்திரண்டு வருடமாக அவர் சொல்லியும் படியாததை நீங்கள் ஒரே வரியில் படிய வைத்துவிட்டீர்கள்.

தர்மேந்திரன் சத்தியப் பத்திரங்களைத் தயார் செய்துவிட்டார். அவர் மட்டும் வருவார், ஓரமாக நிற்பார். அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, வயது நாற்பதுக்குள் இருக்கும் என்றார். மழை வந்தால் மேட்டுப் பாதை வழுக்கும். எல்லாரையும் செருப்பை விட்டுவிட்டு சப்பாத்துப் போட்டு வரச் சொல்லுங்கள்.

நீலாவதி அம்மாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. உண்மையைச் சொல்லி, வருவதா வேண்டாமா என்பதை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அது பெரிய காரியம் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை காலை முழுக்க நான் வீட்டில்தான் இருப்பேன். துணி துவைப்பேன். என்ன நடந்தது என்று மாலைவரைக்கும் யாரிடமும் கேட்கமாட்டேன். நீங்கள் எழுதும்வரை காத்திருப்பேன்.

புனிதா


செனாவாங்,
15 நவம்பர் 2024

சிஸ்டருக்கு,

நேற்று நடந்ததை நீங்கள் ஒன்றும் விடாமல் கேட்பீர்கள் என்று தெரியும். அதனால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

ஏழரை மணிக்கெல்லாம் போய்விட்டோம். கோயில் பக்கத்தில் பழைய பெரட்டுக் களம் இருந்த இடத்தில் எல்லாரையும் நிற்க வைத்தேன். இராஜமாணிக்கம் வந்தார். நானும் வரட்டுமா என்று கேட்டார், தூரத்தில் நில்லுங்கள் என்றேன். நின்றார். விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து அந்த மனுசனுக்கு முகமே சரியில்லை. அவருடைய தங்கச்சி பிள்ளை ஆறாம் நிரையில் இருக்கிறது. அவருக்கு நேற்றைக்குத்தான் தெரியும்.

அதிகாரி எட்டரைக்கு வந்தார். கையில் வரைபடம், கூடவே அளக்கிற ஆள் ஒருவர். மரியாதையாக மாக்சிக் என்று என்னைக் கூப்பிட்டு, கல்லறை எங்கே என்று கேட்டார். காட்டுகிறோம், எங்கள் வழக்கப்படி காட்டுகிறோம் என்று மலாயில் சொன்னேன். பிறகு பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் கூப்பிட்டதுபோலவே, பெயரும் நிரையும். ஒன்றாம் நிரை, திலகா. இரண்டாம் நிரைக்காரி இறந்துவிட்டாள். அவளுடைய பெயரைக் கூப்பிட்டேன், மகள் முன்னால் வந்தாள். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியும் தன் மரத்துக்கு நேரே போய் நின்றாள். நினைவு தப்பியவள் இருக்கிறாளே, ஐந்தாம் நிரை, அவளை மருமகள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மரத்தைப் பார்த்ததும் கையை உதறிவிட்டுத் தானே நின்றுகொண்டாள்.

நாலாம் நிரை, நீலாவதி என்று கூப்பிட்டேன். ஆள் இல்லை. இல்லையென்று தெரிந்தும் கூப்பிட்டேன். பெரட்டில் வராதவள் பெயரையும் கூப்பிடத்தான் வேண்டும். நடக்கலாம் என்று கையைத் தூக்குகிற நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. அவள் மகன் கதவைத் திறந்துவிட்டான். என்னை ஏறிட்டும் பார்க்காமல் நேரே போய் நாலாம் மரத்தடியில் நின்றாள்.

நடந்தோம். செம்பனை இப்போது அறுபது அடி உயரம், அடியில் முட்டிவரைக்கும் புல். வயதான பெண்களும் இறந்தவர்களின் மகள்களும் எட்டு நிரையில் ஒரே வரிசையாக நடக்கிறார்கள். ஒருத்தி பின்தங்கினால் மற்றவர்கள் நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த வேலையே அப்படித்தான். மேட்டில் அவரவர் நிரையின் முடிவில் அவரவர் நின்றார்கள். எட்டுப் பேரும் நீங்கள் செடி பிடுங்கிய எட்டுக் குழிக்கு நேராக நின்றார்கள். அளக்கிற ஆள் ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு சிவப்புக் குச்சி ஊன்றினார். அதிகாரி ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர், வருடம் கேட்டு எழுதினார். உங்கள் ரம்புத்தான் ஒன்று ஏழாம் நிரைக்காரியின் கால் பக்கத்தில் துளிர்த்திருக்கிறது. அவள் அதைப் பிடுங்கவேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

முடிவு வர மூன்று மாதம் ஆகுமாம். அதுவரைக்கும் மேட்டில் இயந்திரம் ஏறக்கூடாது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தர்மேந்திரன் அதைப் படமெடுத்து வைத்திருக்கிறார். நல்லபடியாக முடியும் என்று அவர் சொல்கிறார். வக்கீல்கள் அப்படித்தான் சொல்வார்கள், பார்ப்போம்.

பிறகு அதிகாரி வாய்க்கால் ஓரத்துக் குழியைப் பார்த்தார். அது யாருடையது, அங்கே யாரும் நிற்கவில்லையே என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விமலா என் பக்கத்தில்தான் நின்றாள். நான் சொல்ல வேண்டும். ஊரையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டவளுக்கு அப்போது வாய் வரவில்லை, சிஸ்டர். அவர் இரண்டாவது தடவை கேட்டார்.

நாலாம் நிரையிலிருந்து நீலாவதி பேசினாள். அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான். அதிகாரிக்கு மலாயில் சொல்லிவிட்டு, எங்களுக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னாள். "அது எங்க மண்டோரோட பிள்ள. ஆம்பளப் பிள்ள. நான்தான் குளிப்பாட்டினேன். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். நாற்பத்தொரு வருடத்தில் அவனைப் பற்றி இன்னொருவர் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

வள்ளிநாயகி